மேலாற்றுப் பாஸ்: முதல் வீச்சுக்கான ஆயத்தம்

பாஸ் என்ற பெயரில் உலகில் பல மீன்கள் உண்டு. இணையத்தில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் பெருவாய் பாஸ். நான் இங்கே எழுதுவது அதோடு பெயரில் மட்டுமே ஒன்றுபடும் ஆஸ்திரேலிய பாஸைப் பற்றி. குவீன்ஸ்லாந்தின் தென்பகுதியிலுள்ள மேரி ஆற்றிலிருந்து விக்டோரியாவின் கிப்ஸ்லாந்து வரை, கிழக்கு மலைத்தொடரில் பிறந்து கடலை நோக்கி ஓடும் ஆறுகளில்தான் இது இயற்கையாக வாழ்கிறது. அணைத் தேக்கங்களில் குஞ்சுகளாக விடப்படும் பாஸ் நன்றாகக் கொழுத்து வளரும். ஆனால் உப்புநீருக்குச் செல்ல வழியில்லாததால் அங்கே இனம் பெருக்காது. மேலாற்றிலும் அதன் கிளை ஓடைகளிலும் கிடைப்பது, கழிமுகத்தில் பிறந்து ஒவ்வொரு பாய்ச்சலாக எதிர்நீச்சலிட்டு ஏறி வந்த மீன். இங்குள்ள தூண்டில்காரர்கள் காட்டு பாஸ் என்று சொல்வது இதைத்தான்.

கொடுவாவை அறிந்தவர்களுக்கு இதன் வாழ்க்கைமுறை எளிதில் விளங்கும். கொடுவாவைப் போலவே பாஸும் நன்னீரில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு மட்டும் கழிமுகத்தின் உவர்நீருக்கு இறங்குகிறது. குளிர்காலத்தில் முட்டையிட்டு முடித்து, வசந்தத்தில் மீண்டும் ஏறத் தொடங்குகிறது. ஆண் மீன்கள் பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலேயே தங்கிவிட, பெண் மீன்கள்தான் வெகுதொலைவு மேலேறுகின்றன. எனவே மலையடிவார ஓடையில் உங்கள் தூண்டிலில் சிக்குவது பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண் மீனாகவே இருக்கும். காட்டு பாஸ் மிக மெதுவாக வளரும். 20 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். சிறிய ஓடையில் 25 முதல் 35 செ.மீ. வரையுள்ள மீன்களே வழக்கமாகக் கிடைக்கின்றன, 40 செ.மீ. மீன் கிடைத்தால் அதன் நீளத்தைப் பல ஆண்டுகள் மறக்க மாட்டீர்கள். தேக்கத்தில் பிடித்துப் பழகியவர்கள் இந்த அளவுகளைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்களை ஒருமுறை ஓடைக்கு அழைத்துச் செல்வதே சரியான பதில்.

காலமும் சட்டமும்

நியூ சௌத் வேல்ஸில் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பாஸுக்குத் தடைக்காலம். அதன் நெருங்கிய உறவான எஸ்ச்சுவரி பெர்ச்சுக்கும் இது பொருந்தும். மற்ற மாதங்களில் இரண்டு இனங்களையும் சேர்த்து ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு மீன்களை வைத்துக்கொள்ளலாம். ஆற்றில் பிடித்தவற்றில் ஒன்று மட்டுமே 35 செ.மீ.க்கு மேல் இருக்கலாம். 18 வயது நிரம்பியவர்கள் மீன்பிடிக் கட்டணம் செலுத்தி, அதற்கான சான்றை உடன் வைத்திருக்க வேண்டும். விக்டோரியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் விதிகள் வேறு. எல்லாவிடத்திலும் அவை மாறக்கூடியவை என்பதால், புறப்படும் முன் அந்தந்த மாநில மீன்வளத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

சட்டம் செப்டம்பரில் கதவைத் திறந்தாலும், மேலாற்றுக்கு அவசரப்பட்டுச் செல்வதில் பயனில்லை. மீன் அப்போதுதான் கழிமுகத்தை விட்டுப் புறப்பட்டிருக்கும்; மலை ஓடையின் நீரும் குளிர்ந்திருக்கும். நடு ஆற்றில் அக்டோபரிலும், மேல் ஓடைகளில் நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரையும் முயல்வதே என் வழக்கம். கரையோர மரங்களில் சில்வண்டுகள் காது செவிடுபடக் கத்தத் தொடங்கினால் காலம் கனிந்துவிட்டது என்று பொருள். ஏப்ரலில் நீர் குளிரத் தொடங்கியதும் மீன் மீண்டும் கீழே இறங்கும் மனநிலைக்கு வந்துவிடும்.

ஆற்றைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு ஓடையில் பாஸ் இருக்குமா என்ற கேள்விக்கு அந்த ஓடையில் நின்று விடை தேடக் கூடாது. அதற்குக் கீழே கடல்வரையுள்ள வழியில்தான் விடை இருக்கிறது. வரைபடத்தில் ஓடையிலிருந்து கழிமுகம்வரை விரலை ஓட்டிப் பாருங்கள். இடையில் உயரமான அணையோ செங்குத்தான அருவியோ குறுக்கிட்டால், அதற்கு மேலே இயற்கையாக ஏறிவந்த பாஸ் இருக்க வாய்ப்பில்லை. ஷோல்ஹேவன் ஆற்றில் 1976-இல் தலோவா அணை கட்டப்பட்டபின் மேல்பகுதிக்குச் செல்லும் வழி அடைபட்டது; 2009-இல் அங்கே மீன்தூக்கி அமைக்கப்பட்ட பிறகே அது மீண்டும் திறந்தது. சிறு தடுப்பணைகளை மீன்கள் வெள்ள நேரத்தில் கடந்துவிடும். ஆகவே வறட்சியான ஆண்டுகளைவிட, நல்ல வெள்ளம் வந்து போன ஆண்டுகளில் மேல் ஓடைகள் நிறைவாக இருக்கும்.

சிட்னியில் வசிப்பவர்களுக்கு ஹாக்ஸ்பரி ஆற்றில் கலக்கும் கோலோ ஆறு அருமையான இடம். வொலமை தேசியப் பூங்காவின் மணற்கல் பள்ளத்தாக்குகள் வழியே அணையின் தடையின்றி ஓடிவருகிறது. ஆனால் அதன் மேல்பகுதிக்கு இறங்கும் பாதைகள் செங்குத்தானவை. இறங்கிய களைப்பு ஏறும்போதுதான் தெரியும். வடக்கே வில்லியம்ஸ், பேட்டர்சன், பாரிங்டன், மெக்லே, பெலிஞ்சர் ஆறுகளும், தெற்கே கிளைட், டியூரோஸ் ஆறுகளும் பெயர் பெற்றவை. கிளாரன்ஸ் ஆற்றுப் படுகையில் மீன்பிடிப்பவர்கள் அங்குள்ள ஈஸ்டர்ன் காட் மீனை அடையாளம் காணக் கற்றிருக்க வேண்டும். அது பாதுகாக்கப்பட்ட இனம்; அதைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம், தவறிச் சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் வாட்டர்என்எஸ்டபிள்யூ என்ற மாநில நீர் நிறுவனத்தின் தளத்திலோ வானிலை ஆய்வகத்தின் தளத்திலோ அந்த ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்கவும். மழைக்குப் பின் நீர் வடிந்து தெளியத் தொடங்கும் இரண்டு மூன்று நாட்கள் மிகவும் நல்லவை. மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். மலை ஓடையில் வெள்ளம், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை பெய்யாமலும் வரும்.

நீரை வாசித்தல்

மேலாறு என்பது ஆழமான கசங்களும், அவற்றை இணைக்கும் ஆழமற்ற கல் பாய்ச்சல்களும் மாறிமாறி அமைந்த ஒரு சங்கிலி. கசம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடுப்பளவு ஆழமும், ஒரு காரின் நீளமும், மேலே ஒரு மரத்தின் நிழலும் இருந்தால் நல்ல மீன் ஒன்று அங்கே குடியிருக்கலாம். பகலில் பாஸ் திறந்த நீரில் சுற்றுவதில்லை. விழுந்து மூழ்கிய மரங்கள், கரை அரித்துப் போனதால் நீருக்குள் தொங்கும் வேர்கள், பாறைகளின் அடிக்குடைவுகள், தாழத் தொங்கும் கிளைகளின் நிழல் ஆகியவற்றில் பதுங்கி, மேலிருந்து விழும் வண்டுக்கோ கரையிலிருந்து தவறும் அரணைக்கோ காத்திருக்கும். கசத்தின் தலைப்பகுதியில் பாய்ச்சல் வந்து விழுமிடத்தில் நுரையும் இலைச்சருகும் சுழலும் ஓரத்தையும் விட்டுவிட வேண்டாம். ஆறு தானே இரையைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் அது.

இந்த ஆறுகளின் கரைகளில் ஓங்கி நிற்கும் ஆற்றுச் சவுக்கு, நம் கடற்கரைகளில் நட்டு வளர்க்கும் சவுக்குக்கு ஒன்றுவிட்ட உறவு. முதன்முறை இங்கே ஓடைக்குள் நடந்தபோது, கால் கீழே பரவிக் கிடந்த ஊசிச் சருகுகளைப் பார்த்து ஊர் நினைவு வந்தது. அந்த நினைவில் நின்றே ஒரு நல்ல கசத்தைக் கலைத்துவிட்டேன். பிளாக் பிரின்ஸ் என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் கருநிறச் சில்வண்டு விரும்பித் தங்கும் மரங்களுள் இதுவும் ஒன்று. வண்டு அடர்ந்த ஆண்டுகளில் சவுக்கின் கீழ் விழும் ஒவ்வொன்றுக்கும் நீர் வெடிப்பதைக் கேட்கலாம். எனவே வரிசையாகச் சவுக்கு நிற்கும் கரையில், மற்ற மரங்களைவிட நீருக்கு மேல் அதிகம் சாய்ந்திருக்கும் ஒன்றை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல் நகரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காலையில் நிழலில் இருந்த கரை பத்து மணிக்கு வெயிலில் கிடக்கும். மீன் எதிர்க்கரைக்குப் போயிருக்கும், அல்லது குடைவுக்குள் இறங்கியிருக்கும். மாலையில் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர் வெயிலை மறைத்ததும், முழு இருட்டுக்கு வெகுநேரம் முன்பே மேற்பரப்பில் வேட்டை தொடங்கிவிடும்.

கருவிகள்

இதில் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆறு அடி நீளமுள்ள, 2 முதல் 4 கிலோ நரம்புக்கு ஏற்ற தூண்டில்கோல் ஒன்றும், 1000 முதல் 2500 வரை எண்ணிட்ட சிறிய ஸ்பின்னிங் ரீல் ஒன்றும் போதும். கிளைகளுக்கு அடியில் குனிந்து வீச வேண்டியிருப்பதால் நீண்ட கோல் இடைஞ்சலாகும். ரீலில் நாலைந்து கிலோ தாங்கும் பின்னல் நரம்பைச் சுற்றி, அதன் முனையில் ஒரு கோல் நீளத்துக்கு ஐந்தாறு கிலோ தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்பை முடிந்துகொள்ளவும். மீனின் எடைக்கு இது அதிகம்தான். பாறையிலும் மரத்திலும் உரசிக்கொண்டு நடக்கும் இழுபறிக்கு இது தேவை.

லூர் எனப்படும் செயற்கை இரைகளில் மூன்று வகை இருந்தால் ஒரு நாளைக் கழித்துவிடலாம். முதலாவது நீரின் மேல் மிதப்பது. சில்வண்டு வடிவிலானவை, முன்வாய் குழிந்த பாப்பர்கள், வாலில் சிறு விசிறி சுழலும் ஃபிஸ்ஸர்கள் எல்லாம் இதில் சேரும். நாலைந்து சென்டிமீட்டர் நீளம் போதும். இருட்டிய பிறகு, ஜிட்டர்பக் போன்று தொடர்ந்து 'பளக் பளக்' என்று துடுப்புப் போட்டு வருபவை சிறந்தவை. ஏனென்றால் மீன் ஓசையை வைத்தே குறி பார்க்கிறது. இரண்டாவது, ஒன்றரை மீட்டர்வரை முக்குளிக்கும் சிறு கட்டை லூர். மூன்றாவது, வளைந்த கம்பியில் சுழலும் தகடு கொண்ட, ஏழெட்டு கிராம் எடையுள்ள ஸ்பின்னர்பெய்ட். அதன் கம்பி, முள்ளுக்கு முன்னால் கிளைகளைத் தள்ளிவிடுவதால் மூழ்கிய மரத்துக்குள் துணிந்து எறியலாம். நிறத்தைப் பற்றி எவ்வளவோ விவாதங்கள் உண்டு. கருமையான ஒன்றும் வெளிறிய ஒன்றும் வைத்துக்கொண்டு, மீதிக் கவலையை வீச்சின் துல்லியத்தில் செலுத்துவது நல்லது.

லூரோடு வரும் மும்முனை முட்களைக் கழற்றி ஒற்றை முள் மாட்டவும், அல்லது குறடால் முட்களின் முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை நசுக்கிவிடவும். மீனுக்கு மட்டுமன்று, ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் தன் கட்டைவிரலில் முள் ஏறி நிற்கும் மனிதருக்கும் இது உதவும்.

அணுகுதலும் முதல் வீச்சும்

மேலாற்றில் ஒரு கசம் உங்களுக்குத் தருவது பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்பு. ஆழமற்ற, தெளிந்த, அசைவற்ற நீரில் மீனுக்கு உங்கள் நிழலும், கல் உருளும் அதிர்வும், வெள்ளைத் தொப்பியும் உடனே தெரிந்துவிடும். ஆகையால் ஓடையில் எப்போதும் கீழிருந்து மேல்நோக்கி நடக்கவும். மீன் நீரோட்டத்தை எதிர்த்து மேல்பக்கம் பார்த்து நிற்பதால் அதன் பின்புறமாக நெருங்கலாம். நீங்கள் கலக்கும் மண்ணும் கீழேதான் போகும். மங்கிய நிற உடை அணியவும். ஒவ்வொரு கசத்தையும் அணுகும்போது, அதன் வால்பகுதிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்பே நின்று, முழங்காலிட்டு, எங்கே வீச வேண்டும், எந்தக் கிளை குறுக்கே வரும், மீன் சிக்கினால் எந்தப் பக்கம் ஓடும், அதை எங்கே கரைசேர்ப்பது என்று எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகே கோலை உயர்த்தவும். நான் தவறவிட்ட பெரிய மீன்களில் பாதிக்கு மேற்பட்டவை, இந்த அரை நிமிடத்தைச் சேமிக்க நினைத்ததால் போனவை.

வீச்சு தாழ்வாக, நீருக்கு இணையாகச் செல்ல வேண்டும். தலைக்கு மேல் வீசினால் கிளையில் மாட்டும், அல்லது உயரத்திலிருந்து விழுந்து பெரும் ஓசை எழுப்பும். கையை இடுப்பளவில் வைத்து பக்கவாட்டில் வீசினால், லூர் தொங்கும் கிளைகளுக்கு அடியில் வழுக்கிச் சென்று நிழலின் உள்மூலையில் விழும். மூழ்கிய மரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் விழும் லூரை மீன் கவ்வும். ஒரு மீட்டர் தள்ளி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். இந்தத் துல்லியம் ஆற்றில் கைவராது. வீட்டுக் கொல்லையில் ஒரு வாளியை நாற்காலிக்கு அடியில் வைத்து, முள் இல்லாத லூரை மாலைதோறும் எறிந்து பழகுங்கள்.

மேல்நீர் லூர் விழுந்ததும் எதுவும் செய்யாதீர்கள். விழுந்த அலைவட்டங்கள் முழுவதும் அடங்கும்வரை காத்திருங்கள். பல மீன்கள் இந்த அசைவின்மையிலேயே பாயும். பின் கோல்முனையை மெல்லச் சொடுக்கி ஒரு துடிப்புக் கொடுத்து, மீண்டும் நிறுத்துங்கள். நீரில் விழுந்த வண்டு தொடர்ந்து நீந்துவதில்லை. துடித்து, களைத்து, மறுபடி துடிக்கும். நிழலை விட்டு இரண்டு மீட்டர் வெளியே வந்ததும் வேலை முடிந்தது, விரைவாக இழுத்துக்கொள்ளலாம். மீன் நீரைப் பிளந்து பாய்ந்ததைக் கண்டதும் கோலை வெட்டி இழுக்கத் தோன்றும். கை அடங்க வேண்டிய இடம் இதுதான். மீனின் கனம் கோலில் உணரப்படும்வரை பொறுத்துப் பின் உறுதியாக உயர்த்தவும். கவ்வாமல் தவறவிட்டால் லூரை அங்கேயே கிடக்க விடுங்கள். திரும்பி வந்து அடிப்பது பாஸின் குணம்.

முதல் வீச்சுக்கு மறுமொழி இல்லையென்றால் அதே இடத்தில் ஸ்பின்னர்பெய்ட்டையோ முக்குளிப்பானையோ ஓரிருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டு அடுத்த கசத்துக்கு நடக்கவும். ஒரே இடத்தில் இருபது முறை அடிப்பதைவிட இருபது இடத்தில் ஒருமுறை நன்றாக அடிப்பது மேல்.

சிக்கிய பின்

முதல் இரண்டு நொடிகளில் மீன் வந்த வழியே மரத்துக்குள் பாயும். நரம்பு வெளியே ஓடுவதைக் கட்டுப்படுத்தும் ரீலின் டிராக்கை முன்கூட்டியே இறுக்கி வைத்து, கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் தலையைத் திறந்த நீர்ப்பக்கம் திருப்புங்கள். திரும்பிவிட்டால் பிறகு நிதானமாகக் கொண்டுவரலாம். மரத்துக்குள் போய்விட்டால் நரம்பைத் தளர்த்தி ஒரு நிமிடம் காத்திருங்கள். சில நேரங்களில் மீன் தானே வெளியே வரும்.

பாஸின் செவுள்மூடியின் ஓரம் சவரக்கத்தி போன்றது. முதுகுத் துடுப்பின் முட்களும் குத்தும். கையை நனைத்துக்கொண்டு, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றி, மறுகையால் வயிற்றைத் தாங்கிப் படுக்கைவாக்கில் பிடிக்கவும். தாடையில் மட்டும் தொங்கவிட்டால் மீனின் கழுத்துப் பகுதி அடிபடும். கல்லின் மீதோ சுடுமணலின் மீதோ கிடத்தக் கூடாது. படம் எடுக்க விரும்பினால் கேமரா தயாராகும்வரை மீனை ரப்பர் வலையோடு நீரிலேயே வைத்திருங்கள். விடும்போது தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்தால், வலுவேறியதும் தானே உங்கள் கையை உதறிக்கொண்டு போகும். இரண்டு மீன்களை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு சிறிய கசத்தில் இருக்கும் பெரிய பெண் மீனை எடுத்தால், அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், மேல் ஓடையில் பிடித்ததை நான் விட்டுவிடுவேன். குழம்புக்கு மீன் கடையில் கிடைக்கிறது.

அந்தியில் நீரில் வளையமிட்டு ஏதாவது மிதந்து மறைந்தால், அது மீனா பிளாட்டிபஸா என்று உறுதி செய்யாமல் எறிய வேண்டாம். பிளாட்டிபஸ் என்று தெரிந்தால் அது அந்தக் கசத்தை விட்டுப் போகும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நேரம் வீண் என்று தோன்றாது.

நடையும் திரும்புதலும்

ஆற்றின் படுகை தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அதன் நீரில் மீன்பிடிக்கும் உரிமையை நியூ சௌத் வேல்ஸ் சட்டம் பொதுமக்களுக்குத் தருகிறது. ஆனால் ஆற்றை அடைவதற்காக ஒருவரின் பண்ணையைக் கடக்கும் உரிமையை அது தரவில்லை. பாலங்களிலோ பூங்காக்களிலோ இறங்கவும். இல்லையேல் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கவும். கேட்டவரைப் பெரும்பாலான பண்ணைக்காரர்கள் மறுப்பதில்லை. வேலிக் கதவு இருந்த நிலையிலேயே, மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்தபடி விட்டுச் செல்லவும்.

செவ்வயிற்றுக் கரும்பாம்பு ஓடையோரக் கற்களில் வெயில் காயும். கால் வைக்குமிடத்தைப் பார்த்து நடந்தால் அது தானே விலகிவிடும். வடக்கத்தி மழைக்காட்டு ஓடைகளில் இதய வடிவ இலைகளுடைய கொட்டும் மரத்தைத் தொட்டுவிட்டால் வலி நாட்கணக்கில் நீடிக்கும் என்பதால், வழுக்கும்போது எட்டிய கிளையைப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடவும். பள்ளத்தாக்குகளில் கைபேசி வேலை செய்யாது. எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டு, அவசர சமிக்ஞைக் கருவியையும் தலைவிளக்கையும் எடுத்துச் செல்லுங்கள். நடந்த தூரத்தைவிடத் திரும்பும் தூரம் இருட்டில் இருமடங்காகத் தோன்றும்.

2015-இல் பெலிஞ்சர் ஆற்றுக்கே உரிய ஆமையினத்தின் பெரும்பகுதியை ஒரு வைரஸ் சில வாரங்களில் அழித்தது. ஒரு ஆற்றின் நோய் இன்னோர் ஆற்றுக்குச் செல்ல ஈரமான காலணி போதும் என்பதால், வீடு திரும்பியதும் காலணி, வலை, பை ஆகியவற்றின் மண்ணைக் கழுவி, மூலைமுடுக்குவரை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஆற்றுக்கு எடுத்துச் செல்லவும். லூர்களின் முட்களையும் அப்போதே கழுவித் துடைத்து, பாறையில் பட்டு மழுங்கியவற்றை அரத்தால் கூர்தீட்டி வைத்துவிடலாம்.